சேணப் பட்டறையில் மண்டியிட்டவள்

லங்காஸ்டர், பென்சில்வேனியா
18 செப்டம்பர் 1988

சுவில்லாவுக்கு,

சோளம் வெட்டி முடிந்தது. மழை இல்லை. ஆரனுக்கு முதுகு வலி, சொன்னால் கேட்கிற ஆளா அவர். இப்படி ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டுத்தான் நான் விஷயத்துக்கு வருவேன் என்று நீ கேலி செய்வாய். இன்று அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை.

நம் பள்ளிக்கூடத்துக்குப் புது அகராதி வாங்கியிருக்கிறார்கள். நீ வேலை பார்க்கிற இடம் போட்டதுதான். நம் சபை டீக்கன் கிதியோனின் மகள்தான் இந்த வருஷம் டீச்சர். பெரிய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சொல் கொடுத்து, அதோடு சேர்ந்த மற்றச் சொற்களையும் அவற்றின் வித்தியாசத்தையும் எழுதி வந்து படிக்கச் சொன்னாளாம். நம் மிரியமுக்குக் கிடைத்த சொல் ‘ஒப்பித்தல்’. சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்துப் பழகிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி என்னைக் கேட்டாள்:

“அம்மா, சேணப் பட்டறையில போயி யாராச்சும் மண்டி போடுவாங்களா?”

“யாருடி சொன்னா?”

“புத்தகத்துல போட்டிருக்கு.”

அப்புறம் அந்த வரியைப் படித்தாள். ‘சேணப் பட்டறையின் தரையில் மண்டியிட்டு அவள் தன் பாவ அறிக்கையை ஒப்பித்தாள், அதில் ஒரு சொல்லையும் அவள் மனம் சொல்லவில்லை.’

ஆரன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பெரியவள் லேயா என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். பானையில் தண்ணீர் நிறைய இருந்தது.

உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் உன் பிள்ளை அழாமலே பிறந்தபோது, பஸ் மாறி மாறி உன் வீட்டுக்கு வந்தேன். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு சபையை விட்டுப் போனவள் நீ. வாங்காமல் போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. வாங்கிவிட்டுப் போனதால் விலக்கப்பட்டவள். உன்னோடு பேசலாம், உனக்குச் சமைத்துப் போடலாம். ஆனால் உன்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. நான் சாப்பிட்டேன். நான் தனியாக உட்கார்ந்தால் நீ ஒரு வாய்கூட முழுங்க மாட்டாய் என்று தெரிந்தது, அதனால் சாப்பிட்டேன். திரும்பி வந்ததும் கேட்டார்கள், ஆமாம் என்றேன். அந்த ஞாயிறு மோசே லாப்பின் சேணப் பட்டறையில்தான் சபை கூடியது. அங்கே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். வாய் சொன்னது, மனசு உன் அடுப்படியில் இருந்தது என்று உனக்கு எழுதினேன். உனக்கு மட்டும்தான் எழுதினேன்.

நேற்று டீக்கன் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

“மலிந்தா, அது உன்னப் பத்தினதா?”

“என் பேரு அதுல இல்லையே.”

“நான் பேரக் கேக்கலையே.”

ஏன் இப்படிச் செய்தாய்? அதை மட்டும் எழுது.

மலிந்தா


மாசசூசெட்ஸ்
22 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

ஏன் என்று கேட்டிருக்கிறாய். சொல்லிப் பார்க்கிறேன். என் வேலையே இதுதான். ஒரே மாதிரித் தோன்றும் சொற்களைப் பிரித்துக் காட்டுவது. முழங்குவதற்குக் கூட்டம் வேண்டும். ஓதுவதற்குப் பக்தி வேண்டும். அடுக்குவதற்கு, அதாவது குறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கு, வயிற்றெரிச்சல் வேண்டும். ஒப்பிப்பதற்கு நினைவு மட்டும் போதும், மனம் அங்கே இருக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வித்தியாசத்தை ஒரு வாக்கியத்தில் காட்ட வேண்டும். இங்கே எல்லோரும் எழுதுவது, ‘சிறுவன் நதிகளின் பெயர்களை ஒப்பித்தான்.’ அதில் உயிரில்லை. எங்கள் தலைமை ஆசிரியர் வெல்டன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

“சுவில்லா, இதுல யாருமே இல்லையே. ஒரு ஆளு வேணும்.”

எனக்குத் தெரிந்த ஆள் நீதான், அக்கா. நான் வாசித்ததிலேயே உண்மையான வாக்கியம் உன் கடிதத்தில்தான் இருந்தது. இடத்தை மாற்றியிருக்க வேண்டும். களஞ்சியம் என்றோ கூடம் என்றோ போட்டிருக்கலாம். போட்டும் பார்த்தேன், பொய்யாகத் தெரிந்தது. சேணப் பட்டறை என்று எழுதியபோதுதான் அந்தத் தரையின் குளிர் தெரிந்தது. நாடு முழுக்க விற்கிற தடிப் புத்தகத்தில் ஒரு வரியை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பிள்ளையை வைத்தே படிக்கச் சொல்கிற ஊர் அது என்பதை மறந்துவிட்டேன்.

மன்னித்துக்கொள். அடுத்த பதிப்பில் எடுத்துவிடச் சொல்கிறேன்.

ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் சின்ன வயதில் என்னதான் ஒப்பிக்கவில்லை? அர்த்தம் தெரியாத ஜெர்மன் ஜெபம், பக்கம் பக்கமாகப் பழைய பாட்டு. ஒருநாள் அர்த்தம் கேட்டேன். அப்பா என்ன சொன்னார் நினைவிருக்கிறதா? “கேக்குற வாயி விறகு அடுக்கட்டும்.” வாயால் எப்படி அடுக்குவது என்று நீ சிரித்துவிட்டாய். உன்னையும் சேர்த்து அனுப்பினார். அந்தச் சபைக்கு இன்று திடீரென்று மனசு வேண்டுமாம்.

சுவில்லா


லங்காஸ்டர்
26 செப்டம்பர்

சுவில்லாவுக்கு,

நீ மன்னிப்புக் கேட்டதையும் வாசித்தேன், அதற்குக் கீழே எழுதியதையும் வாசித்தேன். ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவது சின்ன வயதிலிருந்தே உன் வழக்கம்.

நேற்று ஆயத்தக் கூட்டம். திருவிருந்தில் அப்பம் பிட்பதற்கு முன் சபை முழுவதும் ஒருமனமாக இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒருத்தர் மேல் குறை இருந்தாலும் திருவிருந்து நின்றுவிடும். நேற்று நின்றுவிட்டது. என்னால்தான் நின்றது.

பிஷப் எப்ராயீம் மெதுவாகத்தான் கேட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“மலிந்தா, அன்னைக்கு நீ சொன்னது மனசோட சொன்னதா, வெறும் வாயால சொன்னதா?”

மனசோடு என்று சொன்னால் பொய். வெறும் வாயால் என்று சொன்னால், சபையின் முன் பொய்யாக மண்டியிட்டேன் என்று ஆகும். எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும் என்றேன். அடுத்த சபை நாளான ஒன்பதாம் தேதி வரை கொடுத்திருக்கிறார்கள். அன்றும் பதில் வராவிட்டால் என்னையும் விலக்குவார்கள். என் வீட்டில் என் புருஷனும் பிள்ளைகளும் ஒரு மேசையில் உட்காருவார்கள், நான் அவர்களுக்குப் பரிமாறிவிட்டு மூலையில் தனியாகச் சாப்பிடுவேன். மிரியமுக்குப் பதினொரு வயது. நான் வாசித்தது தப்பா அம்மா என்று தினமும் கேட்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உனக்குச் சந்தோஷமாக எழுத வைத்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் இந்த வருஷம் நான் செலரி எவ்வளவு போட்டிருக்கிறேன் தெரியுமா? உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, செலரி இல்லாமல் நம் ஊரில் எந்தக் கல்யாண விருந்து நடந்தது? லேயாவுக்கும் யோனாஸுக்கும் நவம்பரில் கல்யாணம். திருவிருந்து முடிந்தால்தான் சபையில் அறிவிக்க முடியும். திருவிருந்து இல்லையென்றால் அறிவிப்பும் இல்லை. நேற்றுப் பாத்திரம் கழுவும்போது டீக்கன் பெண்டாட்டி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“செலரி நல்லா வளந்திருக்கு மலிந்தா. அழுகறதுக்குள்ள தின்ன ஆளு வந்திருமா?”

நான் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த தட்டைத்தான் துடைத்தேன்.

கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிட நினைத்திருந்தேன். உனக்குத் தனி மேசைதான் போட முடியும். ஆனால் மற்றவர்கள் செய்வதுபோல, உன் மேசையை எங்கள் மேசைக்கு ஒரு விரல் தள்ளிப் போட்டு, இரண்டுக்கும் மேலே அம்மாவின் பெரிய விரிப்பை ஒன்றாக விரித்துவிடலாம் என்று இருந்தேன். பார்க்கிறவர்களுக்கு ஒரே மேசையாகத் தெரியும். சட்டமும் மீறவில்லை, உன்னையும் ஒதுக்கவில்லை. விரிப்பைத் துவைத்துக் கஞ்சி போட்டுகூட வைத்துவிட்டேன்.

ஆரன் ஒரு வழி சொல்கிறார். எனக்குச் சொல்லவே வாய் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

“உன் தங்கச்சிதான எழுதுனா. அது அவளாக் கட்டுனதுன்னு பிஷப்புக்கு ரெண்டு வரி எழுதச் சொல்லேன். சொல்ல வித்துப் பொழைக்கிறவளுக்கு ரெண்டு வரியா பெரிசு?”

நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. உன்னிடம் கேட்கிறேன். எழுதிவிடு.

மலிந்தா


மாசசூசெட்ஸ்
30 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

முடியாது. இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆனாலும் முடியாது.

கோபப்படாமல் கேள். நான் அந்த ஊரை விட்டு வந்தது படிப்புக்காக மட்டும் இல்லை. மனசில் இல்லாததை வாயால் சொல்லி இன்னும் நாற்பது வருஷம் வாழ என்னால் முடியாது என்றுதான் வந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை உனக்குத் தெரியும். அம்மா செத்தபோது சாவு வீட்டில் என்னைக் கொட்டகையில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு, பிஷப் எப்ராயீமுக்குப் பயந்து நான் ஒரு பொய்யை எழுதி அனுப்பினால், வந்ததற்கு என்ன அர்த்தம்? அந்த வாக்கியம் உண்மை. அதை எழுதியது தப்பாக இருக்கலாம், ஆனால் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

நீ ஏன் இவ்வளவு தவிக்கிறாய் என்றுகூட எனக்குப் புரியவில்லை. அவர்களுக்கு வேண்டியது அந்த மூன்று வரிதானே. நான் தவறினேன், பொறுமை வேண்டுகிறேன், இனிக் கவனமாக நடப்பேன். உனக்குத்தான் மனப்பாடமாகத் தெரியுமே. இன்னொரு தடவை ஒப்பித்துவிட்டு வந்துவிடு. போன தடவை முடிந்தது இந்தத் தடவை முடியாதா? உன் மனசுக்குள் எட்டிப் பார்க்க எந்த பிஷப்பாலும் முடியாது.

அதுவும் வேண்டாம் என்றால் இங்கே வந்துவிடு. லேயாவையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே ஒரே மேசைதான் இருக்கிறது.

சுவில்லா


மாசசூசெட்ஸ்
6 அக்டோபர்

அக்கா,

உன் பதில் வரும் என்று தினமும் தபால் பெட்டியைப் பார்த்தேன். இல்லை.

நான் போன கடிதத்தில் எழுதியதை எழுதியிருக்கக் கூடாது. ‘இன்னொரு தடவை ஒப்பித்துவிடு’ என்ற இடத்தை நினைத்தால் என் கையையே வெட்டலாம் போலிருக்கிறது. வெல்டனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “நமக்கு உதாரணம், அவங்களுக்கு வாழ்க்கை” என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆள் வேண்டும் என்று கேட்டவரே அவர்தான். ஆனாலும் அவர் சொன்னது சரி.

பிஷப்புக்கு எழுதிவிட்டேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன். ‘அந்த வாக்கியம் முழுக்க என் கற்பனை. என் அக்கா மலிந்தா அப்படி எதையும் என்னிடம் சொன்னதில்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் பெயருக்கே அனுப்பிவிட்டேன். ஊரை விட்டு வந்த பிறகு நான் முதன்முதலில் மனசில் இல்லாததைச் சொன்னது உனக்காகத்தான்.

அம்மாவின் விரிப்பில் ஓரத்தில் பீட்ரூட் கறை ஒன்று இருக்குமே, நான் கொட்டியது. அது போய்விட்டதா?

சுவில்லா


லங்காஸ்டர்
24 அக்டோபர்

சுவில்லாவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. முப்பதாம் தேதி எழுதியது நான் மண்டியிடுவதற்கு நாலு நாள் முன்பு வந்தது. பிஷப்புக்கு நீ எழுதியதும் எனக்கு வந்த நகலும் நான் மண்டியிட்ட பிறகு, செவ்வாய்க்கிழமை வந்தன.

நடந்ததைச் சொல்கிறேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம்.

இந்தத் தடவை சபை எங்கள் களஞ்சியத்திலேயே கூடியது. முதல் நாள் முழுக்க நானே கூட்டிப் பெருக்கினேன். ஞானஸ்நானம் வாங்காதவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சபையார் மட்டும் உட்கார்ந்தார்கள். முன்னால் போனேன், மண்டியிட்டேன். நீ சொன்னபடிதான் செய்ய நினைத்தேன். வாயைத் திறந்தால் போதும், மீதி தானாக வந்துவிடும் என்று இருந்தேன். பாட்டுப் போலத் தெரிந்த மூன்று வரி.

வரவில்லை. ஒரு சொல்கூட வரவில்லை. டீக்கன் எடுத்துக்கொடுத்தார், “நான் தவறினேன்…” என்று. பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பது போல. அதைத் திருப்பிச் சொல்லவும் என்னால் முடியவில்லை. ஏனென்றால் நான் அப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒப்பிக்கிறவளுக்கு யோசனை வரக் கூடாது, வந்தால் மறந்துவிடும்.

என்ன யோசித்தேன் என்று கேட்டால், உன் அடுப்படியை. அந்த நாலு நாளை. நீ சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததை. நான் வாங்கிவைத்த கோழியை, தொட்டிலை ஆணி கழற்றி நான் பிரித்ததை, நீ எழுந்து வந்து எதிரே உட்கார்ந்ததை. “நீயும் சாப்பிடு, இல்லன்னா நானும் வேணாம்” என்றாய். சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் அதுதான் என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தேன். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன், உன்னிடம் மட்டும் சொன்னேன். அதை நீ அளந்து பார்த்து, சரியான இடத்தில் வைத்து, அச்சுப் போட்டு விற்றாய். அப்புறம் நான் உன்னிடம் இரண்டு வரி கேட்டபோது முடியாது என்றாய். மனசில் இல்லாததைச் சொல்வது உனக்கு ஆகாது, எனக்கு மட்டும் ஆகும், ஏனென்றால் எனக்குப் பழக்கம் என்றாய்.

அப்புறம் என் வாயிலிருந்து வந்தது இதுதான். முப்பது வீட்டுச் சனங்களும் கேட்டார்கள்.

“எனக்கு அந்த வார்த்தை மறந்துபோச்சு. நான் என் தங்கச்சி வீட்ல அவளோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டேன். அன்னைக்கு மண்டி போட்டப்ப நான் அதுக்கு வருத்தப்படல. இப்ப வருத்தப்படுறேன். சாப்பிட்டிருக்கக் கூடாது.”

பிஷப் எழுந்து என் பக்கம் வந்தார். பிறகு கையைக் கொடுத்து எழுப்பினார். அவர் பெண்டாட்டி என்னை முத்தமிட்டாள், அவள் கன்னம் நனைந்திருந்தது. எல்லாரும் அழுதார்கள். டீக்கன் பெண்டாட்டிகூட அழுதாள். இப்படி ஒரு மனந்திரும்புதலைப் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்களாம். அவர்கள் சொன்னதும் சரிதான்.

செவ்வாயன்று உன் கடிதம் வந்ததும் பிஷப் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “உன் தங்கச்சி உனக்காகப் பொய் சொல்லியிருக்கா” என்றார், குறையாகச் சொல்லவில்லை. நான் ஆமாம் என்றேன். அவர் அதை மடித்து அடுப்பில் போட்டார். நானும் நகலை அப்படியே செய்தேன். நீ எழுதினாய் என்பதை மறக்க மாட்டேன். ஆனால் நான் சொன்னதைத் திரும்ப விழுங்கவும் முடியவில்லை. விழுங்கிப் பார்த்தேன் சுவில்லா. அது நிஜமாக இருக்கிறது, போகவில்லை.

நேற்றுத் திருவிருந்து ஆயிற்று. லேயாவின் கல்யாணத்தை அறிவித்துவிட்டார்கள். நவம்பர் பதினேழு, வியாழக்கிழமை. செலரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மிரியம் அந்த அகராதியை இனிமேல் தொட மாட்டேன் என்கிறாள். தொடச் சொல்லியிருக்கிறேன். தப்புப் புத்தகத்தில் இல்லை. அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடுவதாக எழுதியிருந்தாய். எடுக்க வேண்டாம், இருக்கட்டும். அது அன்றைக்கு நடந்ததற்குச் சரியான வரிதான். இந்தத் தடவை நடந்ததற்கு உன்னிடம் என்ன சொல் இருக்கிறதோ எனக்குத் தெரியாது, எழுதி அனுப்பவும் வேண்டாம்.

கறையைக் கேட்டிருந்தாய். போகவில்லை. விரிப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு வா. லேயா உன்னை எதிர்பார்க்கிறாள், வராமல் இருந்தால் அவள் மனசு கஷ்டப்படும். உனக்கு ஜன்னல் பக்கம் மேசை போட்டிருக்கிறேன். கோழி, செலரி, ஆப்பிள் பை எல்லாம் எங்களுக்கு வைப்பதுதான் உனக்கும், சூடு ஆறாமல் நானே கொண்டுவந்து வைப்பேன். மேசை தனி. விரிப்பும் தனி.

மலிந்தா